போட் ஹவுஸ் பேட்டரி

கிறிஸ்துமஸுக்கு மறுநாள், வியாழக்கிழமை சாயங்காலம், ஷிஃப்ட் முடிய அரை மணி இருக்கும்போது ஆபீஸ் பங்கஜம் சார்ஜிங் ரூம் வாசலில் வந்து நின்றாள். மூக்கைத் தலைப்பால் பொத்திக்கொண்டிருந்தாள். பேட்டரிகளுக்கு மின்சாரம் ஏற்றுகிற அந்த ரூமின் சுவரிலேயே ஆசிட் நெடி ஊறிப்போயிருந்தது. பதினாலு வருஷமாக அதற்குள் நிற்கும் தாவீதின் மூக்குக்கு அது எட்டுவதில்லை. அவன் சட்டைகளுக்குத்தான் எட்டும். புதுச் சட்டை மூன்று மாதத்தில் பொத்தல் பொத்தலாகிவிடும்.

"தாவீதண்ணா, உனக்கு லெட்டர். ஃபோட்டோல்லாம் வச்சி அனுப்பிக்கீறாரு ஒரு சாரு."

கம்பெனி விலாசத்துக்குத் தன் பேரில் கடிதம் வருவது அவனுக்கு அதுதான் முதல் தடவை. கையைக் கோணித்துணியில் துடைத்துக்கொண்டு வந்தான். அச்செழுத்து என்றால் கூட்டிப் படித்துவிடுவான், கையெழுத்து வராது. பங்கஜத்தையே படிக்கச் சொன்னான். அனுப்பியவர் பெயர் ராமன் என்றதும் ஆள் ஞாபகத்துக்கு வந்துவிட்டார்.

மார்ச் மாதம் வந்தவர். மெட்ராஸில் ஒரு கப்பல் கம்பெனி ஆபீஸில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மறைமலை நகரில் இருந்த அந்தச் சின்னப் பேட்டரி கம்பெனிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் லாரிக்காரர்கள், டிராக்டர்காரர்கள். வாரண்டி எத்தனை மாசம் என்று கேட்டுவிட்டுத் தூக்கிக்கொண்டு போவார்கள். ராமன் அப்படிக் கேட்கவில்லை. எது ரொம்ப வருஷம் உழைக்கும், ஏன் உழைக்கும் என்று கேட்டார். முதலாளி வரதராஜுலு அன்றைக்கு வெளியூர் போயிருந்ததால் பங்கஜம் அவரை உள்ளே தாவீதிடம் அனுப்பிவிட்டாள்.

அப்படி ஒரு கேள்வியை அவனிடம் யாரும் கேட்டதில்லை. பன்னிரண்டு வயதில் கல் குவாரியில் சம்மட்டி பிடித்தவன் தாவீது. கல்லை உடைப்பவனிடம் எந்தக் கல் நல்ல கல் என்று யார் கேட்கிறார்கள்? அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. பழைய கார் பேட்டரி ஒன்றை உளியால் பிளந்து பிளேட்டை உருவிக் காட்டினான். அப்பளம் மாதிரி மெல்லிசாக இருந்தது, விரலில் நொறுங்கியது. வண்டியைக் கிளப்ப ஒரே உதை, அதற்கு இது போதும், ராத்திரி பூரா லைட் எரித்தால் நாலே மாசத்தில் உதிர்ந்துவிடும் என்றான். அடுத்து ஃபோர்க்லிஃப்ட் வண்டிக்குப் போகிற பேட்டரியைக் காட்டினான். அதில் பிளேட் கனம், உறை போட்டிருக்கும், குலுக்கலுக்குத் தாங்கும். கடைசியாக டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குப் போகிற செல்லைக் காட்டினான். கண்ணாடி போல உள்ளே தெரிகிற டப்பா, விரல் கனத்துக்குப் பிளேட், ஒரு செல்லே ஒரு ஆள் சுமை. ஆறு செல் சேர்ந்தால் பன்னிரண்டு வோல்ட்.

"தூக்கிப் பாருங்க சார். இதுல இருக்கிற ஈயம் வேற எதுலயும் கிடையாது."

சுவருக்கு அந்தப் பக்கம் ஈயத்தைப் பொடியாக அரைக்கிற உருளை ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் காதில் ஒருவர் கத்தினால்தான் பேச்சு. ராமன் தன் சீட்டைப் பார்த்து ஏதோ கத்தினார். போட்டுக்கு ஹவுஸ் பேட்டரி என்றார் அவர். தாவீதின் காதில் போட் ஹவுஸ் பேட்டரி என்று விழுந்தது.

செங்கல்பட்டு ஜில்லாவில் போட் ஹவுஸ் என்றால் முட்டுக்காடு. சர்க்கார் படகுத் துறை. யூனியன்காரர்கள் ஒரு மே தினத்துக்கு எல்லாரையும் அங்கே லாரியில் கூட்டிப்போய், மிதிக்கிற படகில் அரை மணி சுற்றவிட்டார்கள். லைட்டுக்கும் ஃபேனுக்கும் ரேடியோவுக்கும் வேண்டும் என்றார் ராமன். கரண்ட் அடிக்கடி போகுமா என்று கேட்டான். அங்கே கரண்டே கிடையாது என்றார். உப்புக் காற்று படுமா என்றான். நாள் பூரா படும் என்றார். எல்லாம் முட்டுக்காட்டுக்குச் சரியாகப் பொருந்தியது. இருந்தாலும் கேட்க வேண்டியதை அவன் கேட்கத்தான் செய்தான்.

"ஒரே எடத்துல அசையாம இருக்குமா சார்?"

"பெட்டி செஞ்சு இறுக்கிக் கட்டி வெச்சிடுவேம்ப்பா. துளி அசையாது."

அதற்கு மேல் யோசிக்க அவனுக்கு எதுவுமில்லை. டெலிபோன் செல்லை ஓர் இடத்தில் வைத்துவிட்டுத் தொடாமல் இருந்தால் பதினைந்து வருஷம் உழைக்கும். ஆறு செல்லைத் தானே பொறுக்கினான், பத்து நாள் பக்கத்திலேயே நின்று முதல் சார்ஜ் கொடுத்தான், வேன் வந்ததும் தானே தூக்கி ஏற்றினான்.

இப்போது பங்கஜம் கடிதத்தைப் படித்தாள். மே மாதத்துக்குப் பிறகு கடலில் போக அனுமதி கிடைக்காமல் ஏழு மாதம் காத்திருந்தாராம். இப்போதுதான் கிடைத்ததாம். போன இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் வெள்ளோட்டம் விட்டுப் பார்த்தார்களாம். இருபத்தேழாம் தேதி காலை பத்து மணிக்குக் காசிமேட்டிலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்படுகிறார்களாம், பத்து நாள் பயணம், மனைவி ராஜம்மாவும் கூட வருகிறாராம். தாவீது கொடுத்த செல்கள் பிரமாதமாம். படகில் ஆட்டம் குறைந்த இடம் பேட்டரிப் பெட்டி இருக்கிற இடம்தான் என்பதால் ராஜம்மா அதன் மேல் படுக்கை போட்டுக்கொண்டாராம். ஒரு வாரமாகப் படகிலேயே குடியிருக்கிறார்களாம். இரண்டு சின்னத் தொல்லைதான். காலையில் எழுந்தால் அவருக்குக் கண் எரிகிறது, கடல் காற்று ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. படகில் எலி வேறு புகுந்து, மெத்தையின் அடித்துணியைப் பொத்தல் பொத்தலாகக் கடித்து வைத்திருக்கிறது.

"எலி தண்ணியில கூட வுடாது போல," என்று சிரித்துக்கொண்டே பங்கஜம் ஃபோட்டோவை நீட்டினாள். "இத்தப் பாருண்ணா. கவுந்துடற மாதிரி கீது."

ஃபோட்டோவில் ஒரு பாய்மரப் படகு. பாய் முழுக்கக் காற்றை வாங்கி, படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடிக்கொண்டிருந்தது. தாழ்ந்த பக்கத்தின் விளிம்பு தண்ணீரைத் தொட்டது. உயர்ந்த பக்கத்தில் ராமன் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு சிரித்தார்.

தாவீது சிரிக்கவில்லை. படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எந்தப் பக்கம் திருப்பினாலும் படகு சாய்ந்துதான் இருந்தது.

"இது முட்டுக்காடா பங்கஜம்மா?"

"முட்டுக்காட்டுல ஏதுண்ணா இந்த மாதிரி படகு? கடலு. அவரோட சொந்தப் படகாம். பின்னாடி எழுதிக்கீறாரே. வெள்ளைக்காரன் ஒருத்தன் வுட்டுட்டுப் போனதாம். படகுல இஞ்சினைக் கிளப்ப ஒரு பேட்டரி, லைட்டுக்கு ஒரு பேட்டரியாம். ரெண்டாவதுக்கு ஹவுஸ் பேட்டரின்னு பேராம்."

ராமன் அன்றைக்குக் கத்தியது இப்போதுதான் தாவீதுக்குச் சரியாகக் கேட்டது.

டெலிபோன் செல்லின் மூடி இறுகாது. காற்று போக வேண்டும் என்பதற்காகச் சும்மா செருகி வைக்கிற மூடி. நிமிர்ந்து நிற்கிற வரைக்கும் அதற்கு நிகர் கிடையாது. சாய்த்தால் ஆசிட் வழியும். பெட்டியை எத்தனை இறுக்கிக் கட்டினால் என்ன, படகே சாயும்போது? வழிந்த ஆசிட்தான் அந்த மெத்தையைத் தின்றிருக்கிறது. எலி இல்லை. அவன் சட்டையைப் பார்த்தாலே தெரியும்.

அது மட்டும் என்றால் மெத்தையோடு போகும். படகின் அடியில் கடல் தண்ணீர் கொஞ்சம் தேங்கத்தான் செய்யும் என்று அவன் கேள்விப்பட்டிருந்தான். கடல் தண்ணீரில் இருப்பது உப்பு. உப்பும் பேட்டரி ஆசிட்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அவன் கண்ணால் பார்த்தவன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் இதே ரூமில் தரையில் ஆசிட் கொட்டிவிட்டது. கூட வேலை பார்த்த கோபால், வழுக்காமல் இருக்கட்டும் என்று ஒரு முறம் கல் உப்பை வாரி இறைத்தான். பச்சையாய்ப் புகை எழும்பியது. கதவு நாலடி தூரம்தான். கோபால் அந்த நாலடியைக் கடந்து வெளியே வந்தான். ஆனால் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் மூச்சு நின்றது. அந்த மூன்று நாளும் அவன் வாயைத் திறந்துகொண்டு, கரையில் போட்ட மீன் மாதிரி இழுத்ததைத் தாவீது பக்கத்தில் இருந்து பார்த்தான்.

ராஜம்மா பெட்டி மேல் படுத்திருக்கப் போகிறார். நடுக்கடலில் கதவைத் திறந்து எங்கே ஓடுவார்?

கடிதத்தில் வீட்டு டெலிபோன் நம்பர் இருந்தது. பங்கஜம் நாலு தடவை போட்டுப் பார்த்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. குடி படகுக்குப் போய் ஒரு வாரமாயிற்றே.

முதலாளியிடம் போனான். வரதராஜுலு கெட்டவரில்லை, தீபாவளிக்கு வேட்டி எடுத்துக் கொடுக்கிறவர். விஷயத்தைச் சொன்னதும் எழுந்து போய் ஆபீஸ் கதவைச் சாத்தினார். காசிமேட்டு போலீஸுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள் என்று தாவீது கேட்டான். அவர் உட்காரவில்லை, நின்றுகொண்டே பேசினார்.

"மே மாசத்துக்கு அப்புறம் போலீஸ்காரங்க மூணு தடவை வந்து கேட்டுட்டுப் போயிட்டாங்க. பேட்டரி யாருக்குக் குடுத்த, எதுக்குக் குடுத்தன்னு. போட் ஹவுஸுக்குன்னு நீ சொன்னதைத்தான் நானும் சொல்லிக்கீறேன். இப்ப அது கடல்ல போற படகுன்னு நானே போன் போட்டுச் சொல்லவா? குடுத்தவன் ஸ்ரீபெரும்புதூர் தாலுகா ஆளு. எனக்கே கேட்டா பயமா கீது, அவங்களுக்கு இன்னா தோணும்? மூச்சு வுடாத தாவீது. முப்பது பேர் பொழப்பு."

தாவீதுக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. மே இருபத்தொன்றாம் தேதி ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததிலிருந்து அந்தத் தாலுகாவில் எல்லாருக்கும் இதே பயம்தான். அவன் ஊர் ஒரகடத்துக்குப் பக்கம். அவன் தெருவில் டில்லிபாபு என்று ஒருவன் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். ஜூனில் அவனை விசாரணைக்குக் கூட்டிப் போனார்கள். அவன் மேல் ஒன்றுமில்லை என்று ஒன்பதாம் நாள் விட்டுவிட்டார்கள். என்ன கேட்டார்கள் என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை. இப்போதும் ஜீப் சத்தம் கேட்டால் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கழனிப் பக்கம் போய்விடுகிறான்.

விடியற்காலையில் மனைவி ஞானம்மா அடுப்பு பற்ற வைக்கும்போது தாவீது அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். திட்டுவாள் என்று நினைத்தான்.

"சொல்லாம வுட்டுட்டா நீ சோறு துன்னுவியா?" என்றாள்.

அவன் கீழே கிடந்த ஊதுகுழலை எடுத்து நீட்டினான்.

"துன்ன மாட்ட. கோபால் செத்தப்பவே ஆறு மாசம் உன்னை எழுப்பி எழுப்பிப் படுக்க வச்சவ நானு. போய்ச் சொல்லிட்டு வந்துடு. ஊர் பேரை மட்டும் சொல்லாதய்யா. செங்கல்பட்டுன்னு சொல்லு."

பையில் ஸ்பேனரும், இரண்டு கஜம் வயரும், ஆசிட்டின் திடம் பார்க்கிற கண்ணாடிக் குழாயும் எடுத்து வைத்தான். கோபாலுக்குப் பிறகு கம்பெனியில் ஆசிட் கொட்டினால் சலவை சோடாதான் போடுகிறார்கள். வழியில் கடையைத் தட்டி எழுப்பி இரண்டு கிலோ சோடா வாங்கினான். பனிக்குள்ளேயே சைக்கிளை மிதித்துச் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தான். ரயில் முக்கால் மணி லேட். தாம்பரத்தில் இன்னும் இருபது நிமிஷம் நின்றது. எதிரே உட்கார்ந்திருந்தவரிடம் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் மணி கேட்டான். நாலாவது தடவை அவர் கைக்கடிகாரத்தைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டார். பீச் ஸ்டேஷனில் இறங்கும்போது ஒன்பதே முக்கால். ஆட்டோவில் ஏறிக் காசிமேடு என்றான்.

துறைமுக வாசலில் கம்பு கட்டி மறித்திருந்தார்கள். மணல் மூட்டைக்குப் பின்னால் துப்பாக்கியோடு இரண்டு பேர் நின்றார்கள். முன்னால் நாற்காலி போட்டு ஒரு ஏட்டு உட்கார்ந்திருந்தார். மீன் கூடைக்காரிகளை அவர் பார்வையிலேயே அனுப்பினார். தாவீதை நிறுத்தினார்.

"பாஸ் கீதா?"

இல்லை என்றான். பையைக் கொட்டச் சொன்னார். ஸ்பேனர் விழுந்தது. வயர் விழுந்தது. ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடிக் குழாய் விழுந்தது. கடைசியாக வெள்ளைப் பொடி மூட்டை. ஏட்டு நாற்காலியை அரையடி பின்னால் தள்ளினார். மணல் மூட்டைக்காரர்களில் ஒருவன் எழுந்து நின்றான். தாவீது அப்போதுதான் தன் பையை அவர்கள் கண்ணால் பார்த்தான். அவனுக்கே பயமாக இருந்தது.

"இன்னாடா இது பவுடரு?"

"சலவை சோடா சார். துணி தொவைக்கிறது."

"துன்னு பாக்கலாம்."

ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தான். நாக்கு வெந்தது, விழுங்கினான். அவன் முகம் போன போக்கைப் பார்த்துக் கூடைக்காரி ஒருத்தி சிரித்தாள். ஏட்டுக்கும் கொஞ்சம் இளகியது. எந்த ஊர் என்று கேட்டார். ஞானம்மா சொல்லிக் கொடுத்தபடி செங்கல்பட்டு என்றான். மெக்கானிக், மச்சான் லாஞ்சு இஞ்சினைப் பார்க்க வந்தேன் என்றான். படகு என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. உள்ளே போய்விட்டால் ராமனிடம் நேராகச் சொல்லிவிடலாம், யாருக்கும் தெரியாமல் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டான்.

"பாஸ் இல்லாம ஈ, காக்கா உள்ள போவாது. மச்சானை வெளிய வந்து இட்டுக்கினு போவச் சொல்லு. கெளம்பு," என்று ஏட்டு பையைக் காலால் அவன் பக்கம் தள்ளினார்.

குனிந்து பொருள்களை அள்ளினான். நிமிரும்போது இரண்டு ஐஸ் கொட்டகைகளுக்கு நடுவே தண்ணீர் தெரிந்தது. அந்த இடைவெளியில் ஒரு உயரமான கம்பம் நகர்ந்துகொண்டிருந்தது. லாஞ்சுகளுக்கு அவ்வளவு உயரமான கம்பம் கிடையாது. கீழே வெள்ளைப் படகு. பாய் இன்னும் ஏற்றவில்லை, இஞ்சினில் போய்க்கொண்டிருந்தது. நீலப் புடவை கட்டிய அம்மா ஒருவர் கரையில் இருந்த யாருக்கோ கை ஆட்டினார். கல் கொட்டிய கரையைத் தாண்டித் துறைமுக வாய்க்குப் போய்விட்டால் காற்று அடிக்கும், பாய் ஏறும், படகு சாயும்.

தாவீதின் கையில் பை இருந்தது. ரோடு பின்னால் இருந்தது. யாரும் அவனைப் பிடித்து வைக்கவில்லை. ஓடு என்று அவன் காலே சொன்னது. அங்கிருந்து கத்தினால் படகுக்குக் கேட்காது. மச்சான் கதையை இன்னும் நீட்டினால் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவார்கள். பேட்டரி ஒழுகுகிறது என்று ஏட்டிடம் சொன்னால், வயர்லெஸ்ஸை அதற்காக எடுப்பாரா? ஒரு மெக்கானிக்கின் புலம்பலுக்காக அனுமதிச் சீட்டோடு போகிற படகை யார் திருப்புவார்கள்?

அதைத் திருப்ப இந்த வாசலில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது. அந்தச் சொல்லுக்குத்தான் அவன் ஏழு மாதமாகப் பயந்துகொண்டிருந்தான்.

ஏட்டின் பக்கம் திரும்பினான். முதல் தடவை காற்றுதான் வந்தது.

"சார். நான் செங்கல்பட்டு இல்ல. ஸ்ரீபெரும்புதூர் தாலுகா. அதோ போவுதே படகு, அதுல நான் வச்ச பேட்டரி கீது."

ஏட்டு எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. அதற்குப் பிறகு நடந்தது தாவீதுக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. முகம் தரையில் இருந்தது. மீன் செதில் கன்னத்தில் ஒட்டியது. முதுகில் ஒரு முழங்கால் அழுத்தியது. விசில் சத்தம், கூடைக்காரிகள் ஓடுகிற சத்தம், வயர்லெஸ்ஸில் யாரோ திரும்பத் திரும்ப வெள்ளைப் படகு, வெள்ளைப் படகு என்று சொல்கிற சத்தம். நேரத்தோடு வெடிக்குமா என்று காதில் கேட்டார்கள். வெடிக்காது சார், ஒழுகும் சார் என்றான். அதை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. அப்போது அவனுக்கு ஒன்றுக்குப் போய்விட்டது. வேட்டி நனைவது தெரிந்தது.

அரை மணி கழித்து ஒரு காவல் லாஞ்சு வெள்ளைப் படகைக் கயிறு கட்டி இழுத்து வந்தது. ராமன் கையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். அவர் மனைவி தலைப்பால் கண்ணைப் பொத்திக்கொண்டு இருமிக்கொண்டே இறங்கினார். மாலை போட்டு வழியனுப்ப வந்தவர்களைப் போலீஸார் ஐஸ் கொட்டகைக்குப் பின்னால் விரட்டினார்கள். ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். தாவீதின் கதையை ஒரு தடவை முழுக்கக் கேட்டார். ராமனிடம் தனியாக ஒரு தடவை கேட்டார். இரண்டு கதையும் ஒன்றாக இருந்ததில் அவருக்குச் சந்தேகம் கூடியதா, குறைந்ததா என்று முகத்தில் தெரியவில்லை.

"நீயே போய்த் தெற," என்றார். "நாங்க இங்க நிக்கறோம்."

எல்லாரும் முப்பது அடி தள்ளி நின்றார்கள். தாவீது ஈர வேட்டியோடு படகில் இறங்கினான். அது காலடியில் அசைந்தது. மெத்தையைத் தூக்கினான். அடித்துணி சாம்பல் போலக் கையோடு வந்தது. பலகையைக் கழற்றிப் பெட்டியைத் திறந்தான். அந்த நெடி அவன் மூக்குக்கே எட்டியது.

ஆறு செல்லில் மூன்றில் மூடி கழன்று கிடந்தது. ஆசிட் ஒரு விரல் அளவு இறங்கியிருந்தது. பெட்டியின் அடிப்பலகை கறுத்து ஊறியிருந்தது. விரலால் அழுத்தினான். விரல் பலகைக்குள் போய், அந்தப் பக்கம் வெளியே வந்தது. விரல் நுனியில் தண்ணீர் பட்டது. நாக்கில் வைத்துப் பார்த்தான். உப்பு.

இன்னும் ஒரு சாய்வு போதும்.

சோடாவை மொத்தமாகக் கொட்டினான். உடனே புஸ்ஸென்று வெள்ளை நுரை பொங்கிப் பலகைக்கு மேலே எழும்பியது. கரையில் நின்றவர்கள் தரையில் விழுந்து படுத்தார்கள். இன்ஸ்பெக்டரும் படுத்தார். நுரை அடங்கியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தாவீது படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான்.

பிறகு இன்ஸ்பெக்டர் தானே இறங்கி வந்து பார்த்தார். ஓட்டைப் பலகையைப் பார்த்தார், அடியில் தேங்கிய தண்ணீரைப் பார்த்தார். உப்பும் ஆசிட்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அவரே ஒரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். கோபாலைப் பற்றியும் இவன் சொன்னான்.

"உண்மையான ஊரைச் சொன்னா இன்னா ஆகும்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும் சார்."

"அப்புறம் ஏன் சொன்ன?"

"வேற எதைச் சொன்னா படகைத் திருப்புவீங்க சார்?"

இன்ஸ்பெக்டர் படகிலிருந்து கரை ஏறினார். சட்டையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு, மூன்று பேரையும் வேனில் ஏற்றச் சொன்னார். ஸ்டேட்மெண்ட் வாங்க வேண்டும், கம்பெனிக்கு ஆள் போக வேண்டும், முதலாளியை வரச் சொல்ல வேண்டும் என்று ஏட்டிடம் அடுக்கினார். வரதராஜுலு ஆபீஸ் கதவைச் சாத்திவிட்டு நின்ற நிற்பு தாவீதின் கண்முன் வந்து போனது.

வேனில் எதிரும் புதிருமாக இரண்டு பலகை. ராமன் எதிரே உட்கார்ந்திருந்தார். கோபத்தில் ஆரம்பித்தவர், அந்தப் பலகையில் தானும் விரலை விட்டுப் பார்த்ததும் கத்துவதை நிறுத்திவிட்டார். சட்டைப் பையில் குத்திய பூ இன்னும் வாடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, பெஞ்சில் இருக்கிற மாணவன் மாதிரி மெதுவாகக் கேட்டார்.

"அப்போ எதைத்தான் வெச்சிருக்கணும்?"

தாவீது ஒவ்வொன்றாகச் சொன்னான். ஃபோர்க்லிஃப்ட் பேட்டரி சார், ரெண்டாவதா காட்டினேனே, உறை போட்ட பிளேட்டு. மூடி திருகு மூடியா போடணும். பெட்டிக்குள்ள ஈயத் தகடு அடிச்சு, புகை வெளிய போக ஒரு குழாய் வுடணும். அது மேல மனுஷங்க படுக்கக் கூடாது.

"எத்தனை வருஷம் வரும்?"

"நாலு, மிஞ்சினா அஞ்சு. மத்தது மாதிரி பதினஞ்சு வராது சார்."

ராஜம்மா கண்ணைப் பொத்திய தலைப்பை எடுக்காமலே பேசினார். "எனக்குப் பத்து நாள் வந்தாப் போதும்ப்பா."

காவலுக்கு உட்கார்ந்திருந்த சின்ன கான்ஸ்டபிள் சிரித்துவிட்டு, சிரிக்கலாமா என்று முன்பக்கம் பார்த்தான். ராமன் கூடச் சிரித்தார். தாவீதும் சிரிக்கப் பார்த்தான். உதடு ஒத்துழைக்கவில்லை. ஏட்டு வந்து வேனின் பின்கதவை இழுத்துச் சாத்தினார். வெளியே கொக்கி மாட்டுகிற சத்தம் கேட்டது. அவன் ஈர வேட்டியைத் தொடைக்குக் கீழே இழுத்து விட்டுக்கொண்டு, தன் ஊர்ப் பேரை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.